பதினொன்றில் தீரும் எண்

உலை கொதிக்கக் கூடாது. அன்று காலையில் சாமியிடம் நான் வேண்டிக்கொண்டது அது ஒன்றைத்தான்.

எங்கள் வகையறாவில் ஒரு வழக்கம் உண்டு. பரிசம் போட வருகிற மாப்பிள்ளையை நேரே வீட்டுக்குள் விடமாட்டார்கள். வாசலுக்குக் குறுக்கே வாழைநார்க் கயிறு கட்டி வெளியே நிறுத்துவார்கள். பெண்ணின் தாய்மாமன் ஒரு கணக்குக் கேட்பார். கேட்ட கையோடு உள்ளே விருந்துச் சோற்றுக்கு உலை ஏறும். சோறு வெந்து வடிப்பதற்குள் மாப்பிள்ளை சரியான விடையைச் சொன்னால் மாமன் கயிற்றை அறுத்து அழைத்துப் போவார். இல்லையென்றால் வந்தவர்கள் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். சோறு மாட்டுத் தொட்டிக்குப் போகும். அந்தப் பையன் அந்தப் பெண்ணைக் கேட்டு ஆயுசுக்கும் மறுபடி வரக்கூடாது.

கேட்பதற்குப் பெரிய சோதனை மாதிரி இருக்கும். உண்மையில் அது வெறும் விளையாட்டு. ஏழு வாசல் காவல்காரர்களுக்குப் பழத்தில் பாதிப் பாதி கொடுத்துக்கொண்டே போனவன் கதை, குளத்தில் இறங்கிய கொக்குக் கூட்டத்தின் கதை என்று நாலைந்து கணக்குகளையே எல்லா வீட்டிலும் கேட்டார்கள். விடை கைக்குழந்தைக்கும் தெரியும். மாப்பிள்ளை கொஞ்ச நேரம் நெற்றியைச் சொறிந்து யோசிப்பதுபோல நடிப்பான், பெண்கள் சிரிப்பார்கள், கயிறு அறுபடும்.

அந்த விளையாட்டைக் கெடுத்தவள் நான். அதற்காக நான் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை.

போடியில் வெள்ளைக்கார மன்னர் முடிசூட்டுக்கு மிட்டாய் கொடுத்தார்களே, அதற்கு முந்தின ஏலக்காய்ப் பருவத்தில் இது தொடங்கியது. ராசிங்காபுரத்திலிருந்து நானும் என் ஆத்தா ஆயம்மாளும் காய் எடுக்க மலைக்குப் போயிருந்தோம். போடிமெட்டுக்கு மேலே ஒரு தோட்டம். காயை உலர்த்திச் சின்னச் சின்னச் சிப்பமாகக் கட்டி வைத்தால், தலைச்சுமைக்காரர்கள் வந்து கீழே போடிக்கு இறக்குவார்கள். அந்தச் சுமைக்கூட்டத்துக்குத் தலைவர் சுருளிவேல்.

ஒருநாள் அவர் சிப்பங்களுக்கு முன்னால் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். மொத்தம் நூற்றிருபத்தொரு சிப்பம். சுமக்க வந்தவர்கள் பத்துப் பேர். ஆளுக்குப் பன்னிரண்டு போக ஒன்று மிஞ்சியது. அந்த ஒன்றை ஏற்றிக்கொள்ள ஒருத்தரும் தயாராக இல்லை. சரிந்து இறங்குகிற பாதை, நனைந்த பாறை. ஒரு சிப்பம் கூடினாலும் கழுத்துக்குத் தெரியும். கூச்சல் போட்டார்கள்.

"ரெண்டு பேரை நிறுத்திட்டு எட்டுப் பேராப் பிரிச்சாலும் ஒண்ணு மிஞ்சுது. ஆறு பேரு, அஞ்சு பேருன்னாலும் ஒண்ணு மிஞ்சுது. இது என்னடா சனியன்!" என்று அவர் தனக்குத்தானே பேசிக்கொண்டார்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "பதினோரு பேராப் பிரிங்க. ஆளுக்குப் பதினொண்ணு, மிச்சமே இருக்காது" என்றேன்.

"பதினோராவது ஆளுக்கு நான் எங்க போவேன்?"

"ஏன், ஒங்களுக்குத் தலை இல்லையா?"

சுமைக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு துண்டைச் சுருட்டித் தலையில் சும்மாடு வைத்து, பதினொரு சிப்பத்தைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். கூட்டத்தலைவர் சுமை தூக்கியதை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லையாம். அன்றிலிருந்து அவர் மலைக்கு வருகிற நாளெல்லாம் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இதில் மறைக்க என்ன இருக்கிறது, எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

அந்த நூற்றிருபத்தொன்றும் என்னை விடவில்லை. எனக்கு எண்கள் என்றால் ஒரு பித்து. யாரும் சொல்லித் தரவில்லை. என் தம்பி திண்ணைப் பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்து வாய்ப்பாட்டைக் கத்திக் கத்திப் படித்தான். அவனுக்கு ஏறவில்லை, எனக்கு ஏறிவிட்டது. ஏறியதை யாரிடம் சொல்வது? ஆத்தாவிடம் சொன்னால், "கிறுக்கச்சி, காயைப் பாத்து எடு" என்பாள். கூட எடுக்கிற பெண்கள் என்னைக் கண்டாலே தள்ளிப் போவார்கள். வாய் கொள்ளாமல் வைத்துக்கொண்டு ஊமையாகத் திரிவது எவ்வளவு கொடுமை என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

நூற்றிருபத்தொன்றை இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, எட்டு, பத்து, இதில் எதனால் வகுத்தாலும் ஒன்று மிஞ்சும். பதினொன்றில் மட்டும் தீர்ந்துபோகும். அருமையான எண். ஆனால் ஏழும் ஒன்பதும் கெடுத்தன. ஏழால் வகுத்தால் இரண்டு மிஞ்சியது, ஒன்பதால் வகுத்தால் நான்கு. செருப்புக்குள் கல் விழுந்த மாதிரி அது உறுத்திக்கொண்டே இருந்தது. இரண்டிலிருந்து பத்து வரை ஒன்றுகூடத் தப்பாமல் ஒன்று மிஞ்ச வேண்டும், பதினொன்றில் சுத்தமாகத் தீர வேண்டும். அப்படி ஓர் எண் இருக்கிறதா இல்லையா? காய் எடுக்கும்போதும் அதே நினைப்பு, அட்டை கடிக்கும்போதும் அதே நினைப்பு.

பருவம் முடிகிற சமயத்தில் பிடிபட்டது. இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபது என்ற எண்ணை இரண்டிலிருந்து பத்து வரை எதனாலும் மிச்சமில்லாமல் வகுக்கலாம். அதை ஓர் அடுக்கு என்று வைத்துக்கொண்டேன். எத்தனை அடுக்கு வைத்தாலும் மேலே ஒன்றைக் கூட்டினால் அந்த ஒன்றுதான் மிஞ்சும். இனிப் பதினொன்று. ஓர் அடுக்கைப் பதினொன்றால் வகுத்தால் மிச்சம் ஒன்று. இரண்டு அடுக்கில் மிச்சம் இரண்டு. பத்து அடுக்கில் மிச்சம் பத்து. மேலே கூட்டுகிற ஒன்றும் சேர்ந்தால் பதினொன்று, கணக்குத் தீர்ந்தது! இருபத்தையாயிரத்து இருநூற்று ஒன்று. மலைச்சரிவில் தனியாக நின்று நான் கத்திய கத்தலில் பக்கத்துக் காட்டுக்காரர்கள் யானை வந்துவிட்டது என்று ஓடிவந்தார்கள்.

மலையிலிருந்து இறங்கினால், வீட்டில் எனக்குத் தேவாரம் ஊரிலிருந்து ஒரு மாப்பிள்ளையைப் பேசி வைத்திருந்தார்கள். தோட்டம் துரவு உள்ள குடும்பம். பெண் அதிகம் பேசக்கூடாது என்று அவன் அம்மா முதல் வார்த்தையிலேயே சொல்லிவிட்டாளாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே என் தாய்மாமன் ஒச்சப்பனிடம் போனேன்.

"மாமா, இன்னுமா அந்தக் கொக்குக் கணக்கைக் கேப்பீக? ஊரே சிரிக்குது. புதுசா ஒண்ணு சொல்றேன்" என்று என் எண்ணைச் சொன்னேன். கேள்வியையும் விடையையும் அவர் நெட்டுருப் போட்டுக்கொண்டார். தேவாரத்தான் வாசலில் நின்று முழித்தான், அவன் அப்பனும் முழித்தான். சோறு வெந்தது, மாடு தின்றது. எனக்கு அன்றைக்கு நல்ல பசி, கூழை மூன்று கலயம் குடித்தேன்.

மாமாவுக்குத்தான் தலைகால் புரியவில்லை. போடிச் சந்தைக்குப் போகிற போதெல்லாம் ஏலக்காய் வியாபாரிகளை நிறுத்தி வைத்து அந்தக் கணக்கைக் கேட்டார். ஒருத்தருக்கும் வரவில்லை. "யாரு போட்ட கணக்கு? நான் போட்ட கணக்குல்ல!" என்று மார்தட்டினார். ராசிங்காபுரம் முழுக்க 'ஒச்சப்பன் கணக்கு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். என் காதுபடவே சொல்வார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். பெண்பிள்ளை போட்டது என்று சொன்னால் யார் நம்பப் போகிறார்கள்?

அதன் பிறகுதான் சுருளிவேல் வீட்டிலிருந்து பெண் கேட்டு ஆள் வந்தது. எனக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம். சரியாக ஒரு மூச்சு நேரம்தான். அடுத்த மூச்சில் கணக்கு நினைவுக்கு வந்தது. மாமா அதே கணக்கைத்தானே கேட்பார்! "மாமா, அவுகளுக்குக் கொக்குக் கணக்கே போதும்" என்று பதமாகச் சொல்லிப் பார்த்தேன்.

"ஏன், தேவாரத்தானுக்கு ஒரு ஞாயம், இவனுக்கு ஒரு ஞாயமா? இவனும் தோத்தா நம்ம மொக்கையன் இருக்கான், நீ எதுக்குக் கவலைப்படுறே?" என்றார் மாமா.

மொக்கையன் மாமாவின் மகன், எனக்கு முறைமாப்பிள்ளை. தங்கமான மனுஷன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஆட்டை எண்ணச் சொன்னால் ஒவ்வோர் ஆட்டுக்கும் பெயர் சொல்லிப் பார்த்து, "எல்லாம் வந்துருச்சு" என்பான். அவனோடு ஆயுசு முழுக்க எதைப் பேசுவது?

ஆக அன்று காலை இதுதான் நிலவரம். வாசலில் கயிறு. கயிற்றுக்கு அந்தப்பக்கம் வெயிலில் சுருளிவேல், அவர் அப்பா, அவர் வகையறா. இந்தப்பக்கம் மாமாவும் என் அப்பா ஜக்கையனும் ஊர்க்காரர்களும். மாமா தொண்டையைச் செருமிக் கணக்கைக் கேட்டு முடித்தார். உள்ளே ஆத்தா உலையை ஏற்றினாள். அரிசி விழுந்தது.

நான் அடுப்படியில் குந்தியிருந்தேன். உட்கார முடியவில்லை. எழுந்தேன். சன்னல் வழியே பார்த்தால் மாமாவின் முதுகுதான் தெரிந்தது. திரும்பவும் உட்கார்ந்தேன். அடுப்பு கொழுந்துவிட்டு எரிந்தது. ஆத்தா ஊறுகாய் எடுக்கத் திரும்பிய நேரம் பார்த்து ஒரு விறகை வெளியே இழுத்துவிட்டேன். அவள் வந்து உள்ளே தள்ளினாள். மறுபடி இழுத்தேன்.

"ஏன்டி, ஒனக்கு என்ன கேடு? வெரசா வேகட்டும், ஆளுக பசியோட நிக்கிறாக."

"வேகட்டும், வேகட்டும். குழைஞ்சிரப் போகுது ஆத்தா" என்று ஒரு செம்பு பச்சைத் தண்ணீரைப் பானையில் ஊற்றினேன். கொதி அடங்கியது. ஆத்தா என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தானே ஒரு விறகை உருவி ஓரமாகப் போட்டாள். என் ஆத்தாவை நான் அன்றைக்குத்தான் முழுசாகக் கண்டேன்.

ஆனால் சோறு எத்தனை நேரம் வேகாமல் இருக்கும்? மூடியைத் தூக்கிக்கொண்டு நுரை பொங்கியது. ஆத்தா ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்தாள். அப்போது வாசலில் அவர் குரல் கேட்டது.

"ஐம்பத்திரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொண்ணு."

தப்பு! பாவி மனுஷன் தப்பாகச் சொல்லிவிட்டார்.

மாமாவின் சிரிப்பு வீடு முழுக்கக் கேட்டது. "மாப்ளே, வெயில்ல நின்னு மண்டை காஞ்சுருச்சா? இருபத்தஞ்சைத் திருப்பிப் போட்டு ஐம்பத்திரண்டு ஆக்கிட்டீகளே! விடை இருபத்தையாயிரத்து இருநூத்து ஒண்ணு. கிட்ட வந்தீக, ஆனா முட்டல. போயிட்டு வாங்க."

ஆட்கள் கலைகிற சத்தம் கேட்டது. சுருளிவேலின் அப்பா, "வாடா, போவோம்" என்றார். நான் சன்னலுக்கு ஓடினேன். சுருளிவேல் அசையவில்லை. வாதாடவும் இல்லை. வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசக்கூடாதா? கயிற்றுக்கு அந்தப்பக்கம் மரம் மாதிரி நின்று வீட்டு வாசற்படியையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

ஆனால் என் தலை சும்மா இருக்கவில்லை. அது எப்போதும் சும்மா இருந்ததில்லை. ஐம்பத்திரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்றை ஏழால் வகுத்தது. நாற்பத்தொன்பதாயிரம் போனால் மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்று. மூவாயிரத்து ஐந்நூறு போனால் நானூற்று இருபத்தொன்று. அதில் நானூற்று இருபது போனால் ஒன்று. ஒன்று மிஞ்சுகிறதே! ஒன்பதால் வகுத்தேன், ஒன்று. எட்டால் வகுத்தேன், ஒன்று. பதினொன்று? நாற்பத்துநாலாயிரத்தைக் கழி. எண்ணாயிரத்து எண்ணூற்றைக் கழி. மிச்சம் நின்றது நூற்றிருபத்தொன்று.

நூற்றிருபத்தொன்றை எனக்குத் தெரியாதா? ஆளுக்குப் பதினொரு சிப்பம், பதினொரு பேர்!

கையிலிருந்த அகப்பையோடு வாசலுக்கு ஓடினேன். பரிசம் போடுமுன் பெண் வெளியே வரக்கூடாது, ஆண்கள் கூடிய இடத்தில் வாய் திறக்கக்கூடாது. அதெல்லாம் எனக்கும் தெரியும்.

"மாமா, கயித்தை அறுங்க! அவுக சொன்னதும் சரிதான்!"

அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"உள்ள போ புள்ளே. ஒரு கணக்குக்கு ரெண்டு விடை எங்கயாச்சும் உண்டா? பூட்டுக்கு ஒரு சாவிதான்" என்றார் மாமா.

"இந்தப் பூட்டுக்கு எத்தனை சாவி வேணும்னாலும் உண்டு மாமா. ரெண்டாயிரத்து ஐந்நூத்து இருபதைப் பத்து அடுக்கு அடுக்கி ஒண்ணு கூட்டுனா ஒங்க விடை. மேல பதினொரு அடுக்கு வச்சா? பதினொரு அடுக்குல பதினொண்ணு சுத்தமாத் தீந்துரும், மிச்சம் பழையபடிதான் நிக்கும். ஆக இருபத்தொரு அடுக்கு அடுக்கி ஒண்ணு கூட்டுனா அவுக விடை. நம்பலேன்னா வகுத்துப் பாருங்க!"

மாமா நம்பவில்லை. ஒரு குச்சியை எடுத்து மண்ணில் குந்தி வகுக்க ஆரம்பித்தார். ஏழால் வகுத்தார். ஒன்று மிஞ்சியது. அதை அழித்துவிட்டு மறுபடி வகுத்தார். மறுபடியும் ஒன்று. ஒன்பது, எட்டு, ஆறு என்று போனார். அவர் நெற்றியில் வேர்வை. எல்லோரும் கயிற்றை மறந்துவிட்டு அவர் தோளுக்கு மேலே எட்டிப்பார்த்தார்கள். கடைசியில் பதினொன்று. மிச்சம் இல்லை. குச்சியைக் கீழே போட்டார்.

"இந்த அடுக்குச் சமாச்சாரமெல்லாம் ஒனக்கு எப்படித் தெரியும்?" என்று சுருளிவேலின் அப்பா என்னைக் கேட்டார். நான் மாமாவைப் பார்த்தேன். மாமா தரையைப் பார்த்தார்.

"கணக்கைப் போட்டதே அவதான்" என்றான் மொக்கையன் பின்னாலிருந்து. "எங்கப்பாவுக்கு அவ சொல்லிக் குடுத்தப்ப நான் அங்கனதான ஆட்டைக் கட்டிக்கிட்டு இருந்தேன். கல்யாணத்துல இப்படிச் சண்டை வருமாக்கும்னு எனக்குத் தெரியாது." சொன்னேனே, தங்கமான மனுஷன்.

ஊர் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. மாமாவின் முகம் சுருங்கி, சிவந்து, அப்புறம் ஒரு மாதிரி விரிந்தது. "ஆமாய்யா, என் மருமக போட்டது! அவ மூளை யாரு வம்சம்? எங்க அக்கா வயித்துப் பிள்ளைல்ல!" என்று எழுந்து அரிவாளை எடுத்துக் கயிற்றை ஒரே வெட்டாக வெட்டினார். ஆத்தா உள்ளே போய்ச் சோற்றை வடித்தாள். குழைந்துதான் போயிருந்தது, எவரும் குறை சொல்லவில்லை.

மாப்பிள்ளைக்கு மோர் கொண்டுபோய்க் கொடுப்பது பெண்ணின் வேலை. கூடத்து ஓரத்தில் அவர் தனியாக உட்கார்ந்திருந்தார். செம்பை நீட்டிக்கொண்டே பல்லைக் கடித்தபடி கேட்டேன்.

"சின்ன விடை ஒங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். மொதல்ல கெடைச்சதே அதுதான்."

"பின்ன அதைச் சொல்லித் தொலைச்சா என்ன?"

"சொல்லியிருந்தா ஒங்க மாமா கயித்தை அறுத்துருப்பாரு. கணக்கும் காலம் பூரா ஒச்சப்பன் கணக்காவே போயிருக்கும். சந்தையில அவரு மார்தட்டுறப்பல்லாம் எனக்கு வயிறு எரிஞ்சுச்சு. பதினொண்ணு யாரு கணக்குன்னு எனக்குத் தெரியாதா?"

எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. "நான் வெளிய வராமப் போயிருந்தா? அந்நேரம் நான் பயந்துபோயி உள்ளயே இருந்திருந்தா என் கதி என்ன, ஒங்க கதி என்ன?"

"சரியான விடையைத் தப்புன்னு ஒருத்தர் சொல்லிக்கிட்டு இருக்கப்ப, ஒன்னால உள்ள இருக்க முடியுமாக்கும்?" என்று சிரித்தார். "எனக்குத் தலை இல்லையான்னு கேட்ட புள்ளதான நீ."

கோபத்தில் கை ஆடி மோர் அவர் வேட்டியில் சிந்தியது. வேண்டும் நன்றாக என்று நினைத்தேன். அப்படியே திரும்பிப் போயிருக்க வேண்டும். போக முடியவில்லை.

"அப்படின்னா மூணாவது விடை என்ன? சொல்லுங்க பாப்போம்."

அவர் மோரைக்கூடக் குடிக்கவில்லை. "எண்பதாயிரத்து அறுநூத்து நாப்பத்தொண்ணு" என்றார். "நாலாவதை நீ சொல்லு."

என் மனசுக்குள் இருந்த ஓர் எண்ணை இன்னொரு மனுஷர் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நாலாவது விடை எனக்குத் தெரியும். சொல்ல வாயெடுத்தேன். நின்ற இடத்திலேயே ஓவென்று அழுதுவிட்டேன்.

"மோர் குடுக்கப் போனவளுக்கு அங்க என்னடி சோலி?" என்று ஆத்தா அடுப்படியிலிருந்து கத்தினாள்.